நான் படித்துக் காட்டிய நோட்டீஸ்

வீட்டை விற்றுவிடலாம் என்று அண்ணன் முடிவு செய்தபோது, அதில் எந்தச் சுவர் சட்டப்படி நிற்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். அவர் இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

அப்பா விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் சூளை மேஸ்திரி. சூளையில் வெடித்துப் போய்க் கழித்துக் கொட்டிய செங்கலை வண்டி வண்டியாக மலிவு விலைக்கு வாங்கி வந்து, அறுபதுகளின் தொடக்கத்திலிருந்து வருடத்துக்குக் கொஞ்சமாக அந்த வீட்டைக் கட்டிக்கொண்டே போனார். பிளான் என்று ஒரு காகிதத்தை அவர் கடைசிவரை போட்டதில்லை. கேட்டால், “பிளானு மண்டையில இருக்குது” என்பார். மாடிப்படி சந்துக்குள் இரண்டடி நீண்டிருந்தது. பக்கத்து வீட்டுச் சுவருக்கும் எங்கள் சுவருக்கும் நடுவில் கை நுழையாது. கீழ்ச்சுவர் தாங்குமா என்று பார்க்காமலே மேலே ஓர் அறையை எழுப்பியிருந்தார். கக்கூஸ் தண்ணீர் நேராகப் பின்னாலிருந்த வாய்க்காலுக்குப் போனது. பின்கட்டில் இருந்த அறையோ முழுக்க முழுக்க வாய்க்கால் புறம்போக்கிலேயே நின்றது.

பஞ்சாயத்து ஆபீசிலிருந்து மூன்று முறை நோட்டீஸ் வந்தது. மூன்றையும் மடித்து டிரங்குப் பெட்டியில் போட்டுவிட்டு அப்பா வேலைக்குப் போனார். பதில் எழுதவில்லை. இடிக்கவும் யாரும் வரவில்லை.

அந்தப் பின்கட்டு அறையில் இருந்தவள் அப்பாவின் தங்கை, என் அத்தை. புருஷன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்ட பிறகு கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்து சேர்ந்தாள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. வந்த மாதமே நான்கு வளையலையும் ஒரு சங்கிலியையும் கழற்றி அப்பாவிடம் கொடுத்து, “அண்ணே, எனக்கு ஒரு ரூமு கட்டிக் குடு. ஒங்க கூடத்துல படுத்துக்கிட்டு ஒம் பொண்டாட்டி மொகத்தப் பாத்துக்கிட்டு இருக்க முடியாது” என்றாள். அப்பா கட்டிக் கொடுத்தார். அதற்கு ஒரு துண்டுச் சீட்டு கூட எழுதிக்கொள்ளவில்லை.

அத்தை ஒரு பொம்மைப் பட்டறையில் வேலை செய்தாள். அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மையின் ஓரத்தில் நிற்கும் பிசிறைச் சின்னக் கத்தியால் சுரண்டும் வேலை. சாயங்காலம் வரும்போது புருவம் வரைக்கும் வெள்ளையாக மாவு படிந்திருக்கும். அவளை நல்லவள் என்று நான் சொல்லமாட்டேன். அம்மாவோடு உப்புக்கும் தண்ணீருக்கும் பன்னிரண்டு வருடம் சண்டை போட்டாள். என்னை முதலில் பெண் பார்க்க வந்தவர்கள் கை கழுவப் பின்பக்கம் போனபோது, சொம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, “சின்ன வயசுல அதுக்கு வலிப்பு வரும். இப்ப இல்ல” என்று சொல்லிவிட்டாள். அது உண்மைதான். எனக்கு ஏழு வயதில் இரண்டு முறை வந்தது. வந்தவர்கள் போனவர்கள்தான். ஏன் சொன்னாய் என்று அம்மா கேட்டதற்கு, “நாளைக்கு அவனே கண்டுபுடிச்சி தொரத்தி வுடறதுக்கு இன்னிக்கே தெரிஞ்சா நல்லதுதான? எனக்கு யாரும் சொல்லாம வுட்டாங்க” என்றாள். அன்றிலிருந்து நான் அவளோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டேன்.

அண்ணனுக்கு நெய்வேலியில் வேலை கிடைத்து, தங்க வீடும் கொடுத்திருந்தார்கள். எனக்கு இருபத்துநான்கு வயது. வீட்டை விற்று என் கல்யாணத்தை முடித்துவிட்டு அம்மாவை நெய்வேலிக்கு அழைத்துப் போய்விடலாம் என்பது அவன் திட்டம். அதில் அத்தைக்கு என்ன இடம் என்று யாரும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

முதலில் வந்தவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். பெண்டாட்டியையும் கூட்டி வந்தார். அந்தம்மா சாமி படம் மாட்ட வேண்டிய இடத்தைக்கூடப் பார்த்துவிட்டுப் போனாள். வீட்டுக் கடனுக்கு எழுதிப் போட்ட இடத்தில், அனுமதி வாங்கிய பிளான் இருந்தால்தான் கடன் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்து வந்தவருக்கும் அதே கதை. மூன்றாவது ஆள் சந்தில் நின்று மாடிப்படியைப் பார்த்துவிட்டு உள்ளேயே வரவில்லை. ஆறு மாதத்தில் ஊரெல்லாம் தெரிந்துபோயிற்று. கையில் ரொக்கம் வைத்திருப்பவன்தான் இந்த வீட்டை வாங்க முடியும். ரொக்கம் வைத்திருப்பவனுக்கு அது நன்றாகவே தெரியும்.

அப்படி வந்தவர் ஒரு முந்திரி வியாபாரி. ஐம்பது வயதிருக்கும். சலவை வேட்டி, கையில் குடை. மழை இல்லாத மாதத்தில் எதற்குக் குடை என்று நினைத்தேன். குடையின் வளைந்த பிடியால் ஒவ்வொரு சுவராகத் தட்டிக்கொண்டே போனார். தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்டார். மாடிக்கு ஏறவே இல்லை. கீழே நின்று மேலே பார்த்து, “இது எப்ப கீழ வரும்னு அதுக்கே தெரியாது” என்றார். அம்மா கொடுத்த காபியைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அண்ணனிடம் சொன்னார்.

“தம்பி, வூட்டு மேல வில்லங்கம் இல்லன்னு சொன்னீங்க. வூடே வில்லங்கமா இருக்குது.”

அண்ணன் குனிந்து டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தான்.

“எனக்கு லோனும் வேணாம், பிளானும் வேணாம். ரொக்கமா ஒரே தவணையில குடுத்துடுறேன். வாத்தியாரு சொன்ன வெலையில பாதிக்குக் கொஞ்சம் மேல போட்டுக்குங்க. ஒண்ணே ஒண்ணு. பத்திரத்துக்கு முன்னாடி பின்னால இருக்கற ரூம நீங்களே இடிச்சிக் குடுத்துடணும்.”

“அத நீங்க வாங்கிட்டு அப்பறமா…” என்று அண்ணன் ஆரம்பித்தான்.

“உள்ள ஒரு அம்மா இருக்காங்க. நான் எறக்கி வுட்டா ஊரு என்னைப் பேசும். நீங்க எறக்கி வுட்டா அது ஒங்க வூட்டு விஷயம். அந்தப் பாவம் ஒங்களோடயே போவட்டும்.”

இதை அவர் கோபமாகவோ கிண்டலாகவோ சொல்லவில்லை. முந்திரிக்கு விலை சொல்வதுபோலச் சொன்னார். போகும்போது அம்மாவைக் கும்பிட்டு, “போயிட்டு வரேம்மா” என்றார்.

அன்று மத்தியானம் நாங்கள் மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அத்தை பட்டறையில் இருந்தாள்.

“அவ ஒத்துக்க மாட்டா. வளையல் கணக்க எடுப்பா” என்றாள் அம்மா.

அண்ணன் என்னைப் பார்த்து, “பொட்டியில அப்பா போட்டு வச்ச நோட்டீசு இருக்குதுல்ல?” என்றான்.

“அது பழசு.”

“பழசுன்னு அவங்களுக்குத் தெரியுமா? நீ படிச்சிக் காட்டு. நான் சொன்னா சந்தேகப்படுவாங்க. அவங்க லெட்டரெல்லாம் நீதான படிக்கிற.”

அத்தைக்கு எழுத்து தெரியாது. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து எப்போதாவது வரும் கார்டை என்னிடம்தான் கொண்டுவருவாள். பேச்சு குறைந்த பிறகும் அது மட்டும் நிற்கவில்லை. நான் முடியாது என்று சொல்லியிருக்கலாம். வீடு அப்பா பேரில் இருந்ததால் பத்திரத்தில் அம்மாவும் அண்ணனும் நானும் கையெழுத்துப் போட வேண்டும்; நான் மாட்டேன் என்றால் அண்ணனால் ஒன்றும் செய்ய முடியாது. அதெல்லாம் எனக்குத் தெரியும். சொம்பில் தண்ணீர் ஊற்றியபடி அவள் சொன்ன வார்த்தையும் எனக்கு ஞாபகம் இருந்தது. பெட்டியைத் திறந்தேன். மூன்றில் மடிப்பு கிழியாததாகப் பார்த்து எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை தன் அறை வாசலில் உட்கார்ந்து சுண்டைக்காய் நசுக்கிக்கொண்டிருந்தாள். நான் போய் எதிரில் நின்றேன்.

“பஞ்சாயத்துலேருந்து நோட்டீசு வந்திருக்குது அத்த.”

“படி.”

காகிதத்தில் எல்லாமே இருந்தது. மாடிப்படி, மேலறை, கக்கூஸ், பின்கட்டு. முதல் மூன்றையும் நான் விட்டுவிட்டேன். “வாய்க்கால் புறம்போக்கில் அனுமதியின்றி எழுப்பப்பட்டுள்ள கட்டடத்தை” என்பதை மட்டும் நிறுத்திப் படித்தேன். முப்பது தினங்கள் என்று இருந்ததைப் பத்து தினங்கள் என்று படித்தேன். “தவறினால் உள்ளே வசிப்பவர் மீது வழக்குத் தொடரப்படும்” என்று இல்லாத ஒரு வரியையும் சேர்த்தேன். அதை அண்ணன் சொல்லிக் கொடுக்கவில்லை. அது நானே சேர்த்தது.

“என் ரூமு மட்டுமா?”

“ஆமா. ஒங்களுதுதான் புறம்போக்குல இருக்குது.”

“யாரு பேரு போட்டிருக்குது?”

“அப்பா பேரு.”

“செத்தவருக்கா அனுப்புறாங்க?”

“ஆபீசுல இன்னும் பேரு மாத்தல அத்த” என்றேன். அவள் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தாள். “திருப்பிப் படி” என்றாள். மறுபடியும் படித்தேன். ஒரு வார்த்தை மாறாமல் வந்தது. இரண்டாம் தடவைக்குள் அது எனக்கு மனப்பாடமாகியிருந்தது.

அத்தை அழவில்லை. ஒரு மாதிரியாகத் தலையை ஆட்டிக்கொண்டு, “வரட்டும், பாப்போம்” என்றாள்.

அவள் பெட்டியைக் கட்ட ஆரம்பிப்பாள் என்று அண்ணன் எதிர்பார்த்தான். அவள் தினமும் போல வேலைக்குப் போய் வந்தாள். அந்த வாரம் வெள்ளிக்கிழமை காலையில் தலை சீவி, நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். அம்மா எங்கே என்று கேட்டாள்.

“தாலுக்காபீசு பக்கம் மனு எழுதறவரு இருக்காரு. எழுதிக்கிட்டு பஞ்சாயத்தாபீசுக்குப் போறேன். பன்னெண்டு வருசமா இருக்கறவளுக்கு ஒரு வருசம் தவணை குடுக்கமாட்டாங்களா? கேட்டுப் பாக்கறேன். காலுல விழுந்தாவது கேக்கறேன்.”

அவள் சந்து திரும்பியதும் அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே ஓடினான். அரைமணி நேரத்தில் கடப்பாரையோடு நான்கு ஆட்களைக் கூட்டி வந்தான். அவர்களை அடுத்த வாரத்துக்குத்தான் சொல்லி வைத்திருந்தான்.

“அங்க போயி கேட்டா எல்லாம் தெரிஞ்சிடும். அதுக்குள்ள கூரையாவது எறங்கிடணும்” என்றான்.

பூட்டை உடைத்தார்கள். உள்ளே இருந்த சாமான்களை நானும் அம்மாவும் வெளியே எடுத்துப் போட்டோம். அவள் சேலைகளை நான்தான் கொடியிலிருந்து எடுத்து மடித்தேன். எட்டு சேலை. மண்ணெண்ணெய் அடுப்பு, பாய், இரண்டு குண்டான், மாடத்தில் கண் வரையாத ஒரு பீங்கான் பிள்ளை பொம்மை. தகரப் பெட்டி நான் நினைத்ததைவிட லேசாக இருந்தது. அம்மா குண்டானைத் தூக்கும்போது, “சுத்தமாத்தான் வச்சிருக்கா” என்றாள். ஓடுகளை இறக்கி, மேல்மரத்தை உருவி, சுவரில் கடப்பாரையை வைத்தபோது மணி பத்தரை. சூளையில் வெந்த கல் என்பதால் லேசில் உடையவில்லை. ஒவ்வொரு அடிக்கும் வீட்டின் பின்சுவர் அதிர்வது சமையலறையில் நின்ற எனக்குக் காலில் தெரிந்தது.

ஒரு மணிக்கு அத்தை வந்தாள். மூன்று சுவர் போய்விட்டிருந்தது. வாசல் நிலை மட்டும் நின்றது. ஆட்கள் கடப்பாரையை நிறுத்திவிட்டு ஒதுங்கி நின்றார்கள். அவள் கையில் மனு இருந்தது. அதன் கீழே ரேகை வைத்த மை அவள் கட்டைவிரலில் இன்னும் ஒட்டியிருந்தது.

“நோட்டீசே அனுப்பலியாமே” என்றாள். “அந்த ஆபீசு கிளார்க்கு நோட்டுல தேடிப் பாத்தாரு. இந்த வருசம் நம்ம தெருவுக்கே ஒண்ணும் அனுப்பலன்னாரு. பழசு எதையாவது யாராவது காட்டினாங்களாம்மான்னு கேட்டாரு. எங்க வூட்டுப் பொண்ணு அப்பிடி செய்யாதுங்க, ஒங்க நோட்ட இன்னொரு தபா பாருங்கன்னு சொன்னேன். அவரும் பாவம், இன்னொரு தபா பாத்தாரு.”

அண்ணன் செங்கல் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சமையலறை வாசலில் நின்றேன். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். அவ்வளவுதான்.

“சாப்புடுறியா? சோறு இருக்குது” என்றாள் அம்மா.

“போடு.”

அத்தை கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து சாப்பிட்டாள். இரண்டாம் தடவையும் சோறு கேட்டு வாங்கினாள். பின்னால் ஆட்கள் மிச்சச் சுவரை இடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் திட்டியிருந்தால், மண்ணை வாரித் தூற்றியிருந்தால் எங்களுக்குத் தெம்பாக இருந்திருக்கும். நான்கு நாள் கூடத்து மூலையில் படுத்து எழுந்தாள். வேலைக்குப் போனாள். எங்கள் மூன்று பேரிடமும் தேவைக்கு மட்டும் பேசினாள்.

மறுவாரம் முந்திரி வியாபாரி வந்தார். பின்பக்கம் போய்ப் பார்த்தார். அறை இருந்த இடம் வெட்டவெளியாக இருந்தது. அது மறைத்திருந்த வீட்டின் பின்சுவரில் அடியிலிருந்து மாடி வரைக்கும் ஒரு விரிசல் ஓடியது. விரலை உள்ளே விட்டுப் பார்த்தார்.

“இது தெரியாம வெல பேசிட்டேனே தம்பி” என்று இன்னும் குறைத்துச் சொன்னார்.

அண்ணனுக்குக் குரல் உடைந்துவிட்டது. “நீங்க சொல்லித்தான மொதலாளி இடிச்சோம்.”

“நான் இடிக்கத்தான் சொன்னேன். விரிசல் வுடச் சொல்லலியே. வேணாம்னா சொல்லுங்க, பரவால்ல. எனக்கு ஊர்ல வேற வூடா இல்ல?”

வேண்டாம் என்று சொல்ல எங்களால் முடியாது. இடித்த அறையைப் பார்த்த பிறகு வேறு யாரும் வரப்போவதில்லை. அண்ணன் சரி என்றான்.

அவர் கிளம்புகிற நேரத்தில் அத்தை வேலையிலிருந்து வந்தாள். இடித்த சாமான்களோடு சுவரில் சாய்த்து வைத்திருந்த தன் அறைக் கதவைக் காட்டி, “அத மட்டும் எடுத்துக்கறேங்க. என் நகையில செஞ்ச கதவு” என்று அவரிடம் கேட்டாள். அந்த வீட்டில் அவள் கேட்டது அது ஒன்றுதான்.

“கதவு, நெல, ஜன்னலு எல்லாம் சேத்துத்தாம்மா வெல. ஒங்க வூட்டு ஆளுங்களக் கேளுங்க” என்றார் அவர்.

அத்தை அண்ணன் பக்கம் திரும்பினாள். விலையை மறுபடி எங்கே குறைத்துவிடுவாரோ என்று அண்ணனுக்குப் பயம். “அதான் சொல்லிட்டாரே அத்த” என்றான்.

மறுநாள் காலையில் அவள் தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பொம்மைப் பட்டறைக்குப் பக்கத்தில், கம்மாபுரத்திலிருந்து வேலைக்கு வந்த இரண்டு பெண்களோடு ஓர் ஓலைக் கொட்டகையில் சேர்ந்துகொண்டதாகத் தெரிந்தது. பணம் வந்த பிறகு அண்ணன் ஒரு தொகையைக் கொண்டுபோய்க் கொடுத்தான். வாங்கிக்கொண்டாளாம். அண்ணனுக்கு அதில் பெரிய நிம்மதி. “வாங்கிக்கிட்டாங்க” என்று வந்ததும் வராததுமாக இரண்டு தடவை சொன்னான்.

ரிஜிஸ்டர் ஆபீசில் நான் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டேன். பதிவு செய்பவர், சம்மதத்தோடுதான் போடுகிறாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நான்கு மாதத்தில் எனக்கு ஸ்ரீமுஷ்ணத்தில் கல்யாணம் நிச்சயமாயிற்று. அம்மா அத்தைக்குப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பினாள். நேரில் போய் வைக்க எங்களில் ஒருவருக்கும் முகமில்லை. படிக்கத் தெரியாதவள், வரமாட்டாள் என்று நினைத்தோம்.

வந்தாள். கொட்டகைப் பெண்களில் ஒருத்தியையும் கூட்டிக்கொண்டு வந்தாள். தாலி கட்டி முடிந்து, மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள். வலிப்பைச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அம்மா தூரத்திலிருந்து ஓடி வந்தாள். என் மாமியார், “நீங்க பொண்ணுக்கு என்னா வேணும்?” என்று கேட்டாள்.

“அப்பன் கூடப் பொறந்தவ” என்றாள் அத்தை. பிறகு என் கன்னத்தைத் தொட்டு, “பொண்ணு நல்லாப் படிக்குங்க. இல்லாததையும் சேத்துப் படிக்கும்” என்றாள்.

மாமியார் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சிரித்தாள். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அத்தை பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மொய் எழுதிவிட்டுப் போனாள்.

அடுத்த வருடமே முந்திரி வியாபாரி பின்கட்டில் அதே இடத்தில் பெரிய கிடங்கு ஒன்றைக் கட்டினார் என்று கேள்விப்பட்டோம். நோட்டீஸ் போயிருக்கிறது. அபராதத்தைக் கட்டிவிட்டுக் கிடங்கை அப்படியே வைத்துக்கொண்டார். மாடிப்படியும் மேலறையும் அப்படியே இருந்தன. விரிசலுக்கு சிமெண்ட் பூசி வெள்ளை அடித்திருந்தார். “நம்மள ஏமாத்திட்டான்” என்று அண்ணன் வெகுநாள் வரைக்கும் சொல்லிச் சொல்லிப் பொருமினான். அத்தையை நாங்கள் ஏமாற்றியதைப் பற்றி அவன் ஒரு நாளும் பேசியதில்லை. அம்மா மட்டும் ஒரு தடவை, “அவ அங்க இருந்திருந்தா ஒனக்குக் கல்யாணமே ஆயிருக்காது” என்றாள், நான் ஏதோ கேட்டுவிட்டதுபோல.

என் மகனுக்கு மூன்று வயதாக இருக்கும்போது அத்தையைப் பார்க்கப் போனேன். எழுபதுகள் முடியும் சமயம். கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள், பேச்சுக்கு நடுவில் இருமல் வந்தது. உள்ளே கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் உட்கார இடமில்லை. பட்டறையில் கூலி ஏற்றியிருப்பதைச் சொன்னாள், பையன் யார் ஜாடை என்று பார்த்தாள், எதிர்க்கடையில் அவனுக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்தாள். நல்லபடியாகத்தான் பேசினாள். அந்த நல்லபடியில் எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

“அத்த, அன்னிக்கி நான் செஞ்சது…” என்று ஆரம்பித்தேன்.

கையைக் காட்டி நிறுத்தினாள்.

“வேணாம். நீ சொல்லிட்டுப் போனா ஒனக்கு லேசாயிடும். எனக்கு என்னா ஆவும்?”

அவள் பையனின் வாயில் ஒட்டியிருந்த பன் துகளை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

“ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸு நாலு மணிக்கு. அத வுட்டா ஆறுக்குத்தான். கெளம்பு” என்றாள்.

பையனைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பஸ் அரைமணி நேரம் தாமதமாக வந்தது. திரும்பிப் போய் இன்னும் கொஞ்ச நேரம் அவளோடு உட்கார்ந்திருக்கலாம் என்று தோன்றியது. போகவில்லை.